முள் வைத்த முட்டை

பதினான்கு வருடமாக அந்த ஆய்வகத்தில் சத்தமாக ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை முட்டையக்கா. அப்படிப்பட்டவள் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, "முள்ளு! ஐயோ, முள்ளு இருக்கு!" என்று போட்ட கூச்சலில், அடுத்த அறையில் குடுவை கழுவிக்கொண்டிருந்தவர் அவள் கையில்தான் ஏதோ குத்திவிட்டது என்று பஞ்சும் மருந்துமாக ஓடி வந்தார்.

கையில் ஒன்றும் இல்லை. முள் இருந்தது நுண்ணோக்கிக்கு அடியில், ஒரு முட்டையின் இடுப்பில்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மலத்தில் புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்து எண்ணுவது அவள் வேலை. டப்பாவில் வருவதைச் சல்லடையில் தேய்த்து, கண்ணாடித் துண்டில் அப்பி, மேலே ஒளி ஊடுருவும் பச்சைத் தாளை ஒட்டி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு வரி விடாமல் பார்க்க வேண்டும். அடையாள அட்டையில் அவள் தொழில்நுட்பர். வாயைத் திறந்து அப்படிக் கூப்பிட்டவர் யாரும் கிடையாது. வீட்டில் இன்னும் மோசம். அம்மாவுக்கு என்ன வேலை என்று வகுப்பில் கேட்டதற்கு, "முட்டை எண்ணுறாங்க" என்று மகள் சொல்லிவைக்க, மறுநாள் டீச்சர் இரண்டு டஜன் வேண்டும் என்று பையைக் கொடுத்தனுப்பிவிட்டார்.

உருண்டைப் புழு, கொக்கிப் புழு, சாட்டைப் புழு என்று எல்லா முட்டையும் அவளுக்குப் பக்கத்து வீட்டு முகங்கள் மாதிரி. இது அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. நீளவாட்டில், கொழுகொழுவென்று, ஒரு பக்கத்தில் ரோஜாச் செடியில் இருப்பது போல ஒரு முள். படிக்கிற காலத்தில் புத்தகத்தில் பார்த்து, பரீட்சையில் வரைந்து, பத்துக்கு ஏழு வாங்கிய படம். அதை உயிரோடு பார்ப்போம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"சார், சீக்கிரம் வாங்க!"

ஆராய்ச்சியின் தலைவரைச் சதவீதம் சார் என்பார்கள். மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்க்காமலே "நாற்பது சதவீதம்" என்பார். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தார்.

"நத்தைக் காய்ச்சல்," என்றார் மெதுவாக. "நம்ம பக்கத்துல இது கிடையவே கிடையாதே!"

நத்தைக் காய்ச்சல் என்பது தண்ணீரில் தொற்றும் நோய். நத்தைக்குள் வளர்ந்த குஞ்சுப் புழு தண்ணீருக்கு வந்து, அதில் நிற்பவர் தோலைத் துளைத்து உள்ளே போய், ரத்தக் குழாயில் ஜோடியாகக் குடித்தனம் நடத்தும். வருடக்கணக்காக முட்டையிடும். அந்த முட்டையில் பாதி மலத்தோடு வெளியே வந்து, தண்ணீரில் சேர்ந்தால் பொரிந்து மறுபடியும் நத்தைக்குள் போகும், மீதி ஈரலில் போய் மாட்டிக்கொண்டு அதைக் கல்லாக்கும். எத்தனையோ நாடுகளில் ஏழைகளைத் தின்னும் நோய். ஏழைகளைத் தின்பதாலேயே அதைப் பற்றிப் பேச ஆள் குறைவு.

மதியத்துக்குள் மூன்று டப்பாவில் முள் முட்டை. மூன்று மணிக்கு ஏழு டப்பா. ஏழும் ஒரே வகுப்பு. முட்டையக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"அறுபத்திரண்டுக்கு ஏழு," சதவீதம் சார் அறைக்குள்ளேயே நடந்தார். "பதினொண்ணு புள்ளி மூணு! இது சின்ன நம்பரா? அந்த ஏழு டப்பாவும் லேசா சிவப்பா இருக்கு பாத்தியா? ரத்தம்! குடலைக் கிழிச்சுட்டு வருது!"

உடனே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை ஆட்களே நேரில் வருகிறார்கள் என்று பதில் வந்தது. "கட்டுரையில முதல் பேரு உன்னோடதுதான்," என்று அவளிடம் சொன்னார். முட்டையக்கா அன்றைக்கு வீட்டுக்குப் போக ஏற வேண்டிய பேருந்தை விட்டுவிட்டு வேறொன்றில் ஏறினாள். அது எதிர்த்திசையில் போனது. அதுகூட அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில், மகளின் சாப்பாட்டு டப்பாவுக்கு அவள் பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாய் நிற்காமல் முள் முட்டை புராணம் பாடிக்கொண்டிருந்தது. கணவர், "சாப்பிடுற நேரத்துல வேணாமே," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கத்தியைக் கழுவினாள். சிவப்புத் தண்ணீர் தொட்டியில் ஓடியது. அவள் பேச்சு பாதியில் நின்றது.

அந்தச் சிவப்பு. ரத்தச் சிவப்பு இல்லை அது. இந்தச் சிவப்பு.

அரைமணி நேரத்தில் ஆய்வகத்தில் இருந்தாள். காரத் திரவம் பட்டால் பீட்ரூட் சாறு மஞ்சளாகும், ரத்தம் ஆகாது. ஏழு டப்பாவிலிருந்தும் கரைத்து எடுத்து ஒவ்வொரு சொட்டு விட்டாள். ஏழும் மஞ்சள். சரி, ஏழு பிள்ளைகளும் ஒரே நாளில் பீட்ரூட் சாப்பிட்டிருக்கலாம். ஆசையோடு தன் நோட்டைப் புரட்டினாள். முதல் டப்பாவில் முள் முட்டை பத்து, கொக்கிப் புழு முட்டை அறுபத்தாறு. இரண்டாவதில் ஒன்பது, அறுபத்தொன்பது. மூன்றாவதில் பத்து, அறுபத்தைந்து. ஏழாவது வரை இதே கதைதான். கூடப் பிறந்த இரட்டைக் குழந்தைகள் வயிற்றில்கூட இப்படி எண்ணி வைத்த மாதிரி புழு இருக்காது.

ஏழு பிள்ளைகள் இல்லை. ஒரே ஆள். ஒரே வயிற்றில் வந்ததை ஏழு டப்பாவில் பங்கு போட்டிருக்கிறார்கள்.

பங்கு போட்டதற்குக் காரணம் அவளுக்கு உடனே தெரிந்தது. டப்பாவை நிரப்பிக் கொண்டுவரும் பிள்ளைக்குப் பதினாறு நிறக் கலர் பென்சில் பெட்டி பரிசு என்று அறிவித்தவளே அவள்தான்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அந்த உடையும் சத்தம் அவளுக்குக் காதிலேயே கேட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன? ஏழு பிள்ளைகளுக்கும் மாத்திரை கொடுப்பார்கள், ஒன்றும் கெட்டுப் போகாது. கட்டுரை வரும், பெயர் வரும். ஆனால் புழு உள்ள அந்த ஆள் இந்த ஏழு பேரில் ஒருவராக இல்லாவிட்டால்? எங்கேயோ ஒருவருடைய ஈரல் தினம் கொஞ்சமாகக் கல்லாகிக்கொண்டிருக்க, மாத்திரையை வேறு யாரோ விழுங்கிக்கொண்டிருப்பார்கள். எழுந்து நேராக சாரின் அறைக்குப் போனாள்.

"சார், ஏழு இல்ல. ஒண்ணு."

கேட்டு முடித்த சதவீதம் சார் நாற்காலியில் சரிந்தார். "பதினொண்ணு புள்ளி மூணு…"

"ஒண்ணு புள்ளி ஆறு, சார்."

"நான் வேற எல்லாருக்கும் போன் பண்ணிட்டேனே, அம்மா!"

"மறுபடியும் பண்ணுங்க. முதல்ல ஸ்கூலுக்குப் போவோம், வாங்க. யாருன்னு தெரிஞ்சே ஆகணும்."

அவள் சாரை 'வாங்க' என்று அதட்டிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அவரும் எழுந்து ஜீப்பில் ஏறினார்.

பள்ளி நூலக அறையில் ஏழு பிள்ளைகளையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். எல்லாருடைய பார்வையும் தரையில். முட்டையக்கா முதலிலேயே சொல்லிவிட்டாள், கொடுத்த கலர் பென்சிலை யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை என்று. அதற்குப் பிறகு வாய்கள் தாமாகத் திறந்தன.

"எனக்கு வரல மிஸ். இவன் கொடுத்தான்."

"எனக்கே லீடர்தான் கொடுத்தா."

"எனக்கும் லீடர்தான். குச்சியால எடுத்துக் கொடுத்தா."

லீடர் என்பது வகுப்புத் தலைவி. பதினோரு வயது, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, நாட்டையே ஆளப் பிறந்த முகம். அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"ஒருத்தருக்கும் வரல மிஸ். பெல் அடிக்கப் போகுது. நான் லீடர், நான்தானே பாத்துக்கணும்?"

சதவீதம் சார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. முட்டையக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் முன்னால் முழங்காலிட்டாள். "அப்போ அது உன்னோடதா, கண்ணு? வயிறு வலிக்குமா உனக்கு?"

"என்னோடது இல்ல மிஸ். எனக்கும் வரல." முதல் முறையாக லீடரின் குரல் இறங்கியது. "எங்க மாமாகிட்ட வாங்கிட்டு வந்தேன். வீட்டுப்பாடம்னு சொன்னேன்."

கணக்கெடுப்பில் இல்லாத ஒரு மாமா. அறுபத்திரண்டு பிள்ளைகளில் ஒருவரிடமும் முள் முட்டை கிடைக்கவில்லை.

"பூஜ்யம்," என்றார் சதவீதம் சார். கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, கட்டெறும்பும் காணாமல் போன கதை. ஆனால் முட்டையக்கா லீடரிடம் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தாள். ஆள் இருக்கிறார். நிஜமாகவே ஒருவர், இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டில் இருக்கிறார்.

லீடரின் அம்மா கதவைத் திறந்தாள். ஆய்வகம், வயிறு, தம்பி என்ற மூன்று சொல் காதில் விழுந்ததும் அவள் முகம் இறுகிவிட்டது.

"பாக்கணுமா? பாருங்க. உள்ளதான் இருக்கான். ரெண்டு வருஷமா வயிறு இப்படித்தான் வீங்கிக் கிடக்கு. ரெண்டு தடவை ரத்த ரத்தமா வாந்தி எடுத்தான். குடிக்காதேன்னு நானும் சொல்லாத நாள் இல்ல. நம்ம பேச்சு அங்க எடுபடுமா?"

பின்னறையில் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தவருக்கு முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. சட்டையின் கடைசி இரண்டு பொத்தானைப் போட முடியவில்லை. பக்கத்தில் ஒரு தட்டில் பீட்ரூட் துண்டுகள்.

"நான் குடிக்கிறதில்லை," என்றார் வந்தவர்களிடம், வணக்கம் சொல்வது போல. ரொம்ப நாளாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல். யாராவது நம்புவார்கள் என்ற எதிர்பார்ப்பு அதில் துளியும் இல்லை.

"இப்படியேதான் சாதிப்பான்," என்றாள் அக்காக்காரி. "பாப்பா தலையில அடிச்சு சத்தியம் பண்ணுடான்னா அதுக்கும் பண்றான். தினம் சாயங்காலம் வாயை ஊதச் சொல்லிப் பாக்குறேன். வாசனையே வராம எப்படித்தான் குடிக்கிறானோ. அடுத்த தெரு வரைக்கும் சொல்லி வெச்சிருக்கேன், யாரும் இவனுக்கு ஊத்திக் கொடுத்துடாதீங்கன்னு. ரத்தம் ஊறட்டும்னு தினம் பீட்ரூட்டும் வேக வெச்சுப் போடுறேன். வேற நான் என்னதான் செய்யுறது?"

குடிகாரன் என்று ஊரெல்லாம் பறையடித்தவளும் அவள்தான், தினம் மூன்று வேளை பீட்ரூட் வேகவைத்தவளும் அவள்தான். முட்டையக்காவுக்கு அவள்மேல் கோபப்படுவதா, அவள் கையைப் பிடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

"குடிக்கிறார்னு யார் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டாள்.

"டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கார்!" அலமாரியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். நான்காய் மடித்து மடித்து மடிப்பில் கிழிந்த சீட்டு. 'தினமும் காலை முதல் மாலை வரை குடிப்பவர்' என்று இருந்தது. "நான் வெளியில மருந்துக்கு வரிசையில நின்னேன். இவன் வாயாலயே ஒத்துக்கிட்டதாச் சொன்னார்."

"நான் அப்படிச் சொல்லவே இல்லக்கா."

முட்டையக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தம்பி, அன்னைக்கு டாக்டர் என்ன கேட்டார், நீங்க என்ன சொன்னீங்க? ஒரு வார்த்தை விடாம அப்படியே சொல்லுங்க."

அவர் யோசித்தார். "தண்ணி பழக்கம் உண்டான்னு கேட்டார். உண்டு டாக்டர், தினம் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியிலதான் இருக்கேன்னு சொன்னேன். எத்தனை வருஷமான்னார். ஆறு வருஷம்னேன். விட முடியாதான்னு கேட்டார். விட்டா சாப்பாட்டுக்கு என்ன பண்றது டாக்டர்னேன். கோவமா எழுதிக் கொடுத்துட்டார்."

"என்ன தண்ணி?" முட்டையக்கா ஸ்டூலை இன்னும் முன்னால் இழுத்தாள். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"நீர்ச்செடித் தோட்டத்துல, மேடம். இன்னைக்கு முடியலன்னு போகல. மீன் தொட்டியில வைக்கிற செடி, அல்லி எல்லாம் வளக்குற இடம். பெரிய பெரிய தொட்டி. தொடை வரைக்கும் தண்ணியில நின்னுதான் களை எடுக்கணும்."

பனைமரத்தடியில் உட்கார்ந்து பால் குடித்தால் கள் என்பார்கள், அதையாவது புரிந்துகொள்ளலாம். இந்த மனிதர் வேலையைக் கேட்டதாக நினைத்து வேலையைச் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு சொல், அவருக்கு ஒரு அர்த்தம், டாக்டருக்கு ஒரு அர்த்தம். நடுவில் மாட்டிக்கொண்டது ஒரு ஈரல்.

சதவீதம் சார் கதவோரத்திலிருந்து பாய்ந்து வந்தார். "வெளியூர், வெளிநாடு எங்கயாவது போய் வேலை பாத்திருக்கீங்களா?"

"பஸ் ஏறினாலே எனக்கு வாந்தி, சார். இந்த ஊரை விட்டு நான் எங்கயும் போனதில்லை."

"அப்போ இங்கயே ஒட்டியிருக்கு! ஏழு வேண்டாம்மா, நமக்கு இந்த ஒண்ணு போதும்!" சார் முட்டையக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "அந்தத் தொட்டியில நத்தை இருக்கா, தம்பி?"

"நத்தையா? அள்ளி அள்ளிப் போடலாம், சார். வெளிநாட்டுச் செடி இறக்குனதுலேர்ந்து அந்தத் தொல்லைதான். ஒரே சப்பட்டையா, சுருட்டி வெச்ச கயிறு மாதிரி இருக்கும்."

அடுத்த மூன்று மணி நேரத்தை முட்டையக்கா சாகும்வரை மறக்க மாட்டாள். ஜீப்பில் ஓட்டுநரோடு சேர்த்து ஐந்து பேர் அடைந்துகொண்டார்கள். "இவங்க சொல்றது உண்மையான்னு நானும் பாக்கணும்," என்று லீடரின் அம்மா அழைக்காமலே ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் அவள் தம்பியைப் பார்க்கவில்லை. தோட்டத்தில் இருபது தொட்டி. முழங்கை வரை உறையும், தொடை வரை ரப்பர் காலணியும் மாட்டிக்கொண்டு முட்டையக்கா இறங்கினாள். அல்லி இலையைத் திருப்பினால் அடியில் நத்தை. செங்கல்லைத் திருப்பினால் அங்கேயும் நத்தை. பின்சுவரில் பணியாளர்களின் கழிப்பறை, அதிலிருந்து வழிந்த ஈரம் கடைசித் தொட்டி வரை கோடு போட்டிருந்தது. அங்கே வேலை செய்த நான்கு பேரும் கையில் டப்பா வாங்கிக்கொண்டு, எதற்கு என்று புரிந்ததும் நெளிந்தார்கள்.

ஆய்வகத்தில் நூறு சின்னக் கண்ணாடிக் குப்பி, குப்பிக்கு ஒரு நத்தை, கொஞ்சம் சுத்தமான தண்ணீர். மேலே பளீரென்று விளக்கு. வெளிச்சம் பட்டால்தான் நத்தைக்குள் இருக்கும் குஞ்சுப் புழு வெளியே நீந்தி வரும். வந்தால் வரும். காத்திருக்க வேண்டும்.

அரைமணி ஆயிற்று, ஒன்றும் இல்லை. ஒரு மணி ஆயிற்று, ஒன்றும் இல்லை. "எவ்வளவு வாய்ப்பு, சார்?" என்று குடுவை கழுவுபவர் கேட்டார். "தெரியலப்பா," என்றார் சதவீதம் சார். அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஒன்றேகால் மணி நேரத்தில் அறுபத்து மூன்றாம் குப்பியை முட்டையக்கா வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். தண்ணீரில் தூசி. தூசியா? தூசி கீழே இறங்கும், இது மேலே ஏறியது. ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். துள்ளித் துள்ளி நீந்திக்கொண்டிருந்தன, பத்து, இருபது, ஐம்பது. ஒவ்வொன்றின் வாலும் நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தது.

"வால் பிளந்திருக்கு! சார், வால் பிளந்திருக்கு!"

சார் பார்த்துவிட்டு ஓடிப்போய் நடைபாதையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். இனம் இதுதானா என்று மரபணுச் சோதனை செய்துதான் உறுதி சொல்ல வேண்டும் என்றார். சொல்லிக்கொண்டே கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள்.

முட்டையக்கா அக்காக்காரியை நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தாள். "ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க. இதுதான் உங்க தம்பி கால் வழியா உள்ள போய் ஈரலைக் கெடுத்தது. வேற ஒண்ணும் இல்ல."

அவள் வெகுநேரம் பார்த்தாள். "குடிச்சா இது வராதா?"

"வராது."

"குணமாகுமா?"

அந்தக் கேள்விக்கு முட்டையக்கா பொய் சொல்லவில்லை. எடைக்கு ஏற்றபடி நாலைந்து மாத்திரை, ஒரே நாளில் போட்டால் புழு சாகும். கல்லான இடம் எல்லாம் பழையபடி ஆகாது, ரத்த வாந்தி வராமல் பார்க்க மருத்துவமனைக்கு ஒழுங்காகப் போய் வர வேண்டும். ஆனால் இனிமேல் கெடாது. தொட்டியில் மட்டும் இறங்கக் கூடாது.

அவள் எழுந்தாள். சுவரோரம் நின்ற தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஏன்டா, ஒரு கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லத் தெரியாதா உனக்கு? செடின்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" இரண்டாவது அடிக்கு ஓங்கிய கை அவர் தோளிலேயே விழுந்து தங்கிவிட்டது. முகத்தை அவர் சட்டையில் புதைத்துக்கொண்டு அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் முட்டையக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஜீப் அவர்களை வீட்டில் விடப் போனது. முட்டையக்காவும் உடன் போனாள். தெருமுனை திரும்பியதும், "இங்கயே நிறுத்துங்க," என்றாள் அக்காக்காரி. வீடு இன்னும் பதினைந்து வாசல் தள்ளி இருந்தது. இறங்கினாள். முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"என் தம்பி குடிக்கலை. அது நத்தையால வந்த நோயாம். என் கண்ணாலயே பாத்துட்டு வர்றேன்."

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு வாசலிலும் அதையே சொன்னாள், ஒவ்வொரு வாசலிலும் குரல் கூடிக்கொண்டே போனது. ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். எதிரே லீடர் சடை பறக்க ஓடி வந்தாள். தம்பிக்காரர் வெட்கத்தில் நெளிந்தபடி ஜீப்பிலிருந்து மெல்ல இறங்கினார்.

"போதும்க்கா. விடு. எல்லாரும் பாக்குறாங்க."

"நீ சும்மா இரு," என்று அவள் ஐந்தாவது கதவைத் தட்டினாள். "ரெண்டு வருஷமா வீடு வீடாப் போய் அதைச் சொன்னவ நான். இதையும் நான்தான் சொல்லணும்."

கதவு திறந்தது.